அரைக் கரண்டிச் சீனியும் ஆயுள் தண்டனையும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக வெள்ளவத்தையில் போயா தினத்தன்று நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிடைத்த ஒரு லீவு நாளில் தூக்கத்தை விட்டு வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

காலி வீதிக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிற பிள்ளைகளில் பலர் நம் லயங்களில் பிறந்தவர்கள். நான் படிப்பித்த பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். அப்படி ஒரு பையன் இன்று விளக்கமறியலில் இருக்கிறான். அறையில் கூட இருந்த ஒருவர் "தம்பி, இந்தப் பார்சலைக் கொண்டுபோய்க் குடு" என்றாராம். இவன் கொண்டு போனான். வழியில் பொலிஸ் பிடித்தது. பார்சலைக் கொடுத்தவர் அன்றே அறையைக் காலி செய்துவிட்டார்.

அவன் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. அவனுக்கு அது வாசிக்கத் தெரியாது. அவனுடைய அம்மா வெட்கத்தில் இரண்டு மாதம் எங்களிடம் வாயே திறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நாம் தெரிந்திருக்க வேண்டும். 1929ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தை 1984இல் திருத்தினார்கள். இரண்டு கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று வந்தது. 2022இல் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. அதன்படி 'ஐஸ்' ஐந்து கிராமாக இருந்தாலே அதே தண்டனை.

இரண்டு கிராம் என்றால் எவ்வளவு? பிளேன்டீக்குப் போடுகிற சீனியில் அரைத் தேக்கரண்டி. ஐந்து கிராம் ஒரு கரண்டிக்குக் கொஞ்சம் கூட. கொழுந்து நிறுக்கும்போது கிலோக் கணக்கில் வெட்டுகிறார்களே என்று சண்டை பிடிக்கிறவர்கள் நாம். இங்கே ஒரு பிள்ளையின் உயிரைக் கிராமில் நிறுக்கிறார்கள்.

1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் வழக்குகளில் நான்கு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்து வைத்ததாகச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. "அப்படியென்றால் பயமில்லையே" என்று நினைக்காதீர்கள். அளவு கூடினால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேலே உள்ள நீதிமன்றங்களுக்குத்தான் போக வேண்டும். இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது உண்மையாகவே இருக்கலாம். நீதிமன்றம் அதை ஏற்கும்வரை பிள்ளை உள்ளேதான்.

நான் ஐஸ் விற்கிறவனுக்குப் பரிந்து பேச வரவில்லை. அது நம் லயங்களுக்கும் வந்துவிட்டது, வீடுகளை அழிக்கிறது. ஆனால் 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையைப் பாருங்கள். பல்லாயிரம் பேரைப் பிடித்தார்கள். நம் பக்கத்தில் பிடிபட்டவர்களில் பெரிய முதலாளி யாரையாவது கண்டீர்களா? சுமந்தவன் அகப்படுகிறான், சுமக்கக் கொடுத்தவன் தப்புகிறான். தண்டனையை எவ்வளவு கூட்டினாலும் இது மாறாவிட்டால், கூடுகிற பாரம் நம் பிள்ளைகளின் தலையில்தான் விழும்.

ஆகவே நான்கு காரியங்கள்.

ஒன்று: உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காத எந்தப் பொதியையும் யாருக்காகவும் தூக்காதீர்கள். அண்ணன் என்றாலும் சரி, ஊர்க்காரன் என்றாலும் சரி. ஊருக்குப் போகிற பஸ்ஸில் "இதையும் கொண்டுபோ" என்றாலும் இதே பதில்தான்.

இரண்டு: பிடிபட்டால் ஏன் பிடித்தார்கள் என்று கேளுங்கள், அதைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பில் உள்ளது. தமிழில் வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை.

மூன்று: பெற்றோர் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஒளித்து வைக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளைக்குத்தான் நட்டம்.

நான்கு: பழக்கத்தில் விழுந்த பிள்ளையை அடித்துத் துரத்தாதீர்கள். சிகிச்சைக்கென்று 2007இலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. 1927க்கு அழைத்தால் அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையிடம் ஆலோசனை கேட்கலாம்.

சங்கமும் ஒன்றைக் கேட்கிறது: தோட்டப் பிரதேசங்களில் தமிழில் பேசுகிற சிகிச்சை நிலையங்கள் வேண்டும். தண்டனைக்குச் சட்டம் எழுதத் தெரிந்த அரசுக்கு இதுவும் முடியும்.

அந்தப் பையனின் அடுத்த தவணைக்கு அம்மா தனியாகப் போக மாட்டார். நாங்கள் கூடப் போகிறோம். வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயரைக் கொடுங்கள்.