‘இல்லை’ என்பதும் விடையே: வளாகத்திற்கும் மேகத்திற்கும் இடையே பெயர் வினவல்



1922ஆம் ஆண்டு சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தோன்றிய நாள்முதல் தஞ்சோங் மாலிம் ஆசிரியர்களை உருவாக்கும் ஊராகத் திகழ்கிறது. வினாவும் விடையும் ஆசிரியத் தொழிலின் இரு கண்கள். ஆதலின், கணினிகள் தமக்குள் நிகழ்த்தும் ஒரு வினாவிடையை இவ்வூரில் ஆராய்வது பொருத்தமுடையதே.

கணினிப் பிணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் எண்ணாலான முகவரி உண்டு. மாந்தர் நினைவில் நிற்பதோ பெயர். பெயரைச் சொல்லி எண்ணைப் பெறும் இன்றைய முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டு வகுத்தார். அதற்குமுன் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அவருடைய முறையில் ஒவ்வொரு பெயர்த் தொகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் அமைந்தார். பிறர் அவரிடம் கேட்டறிய வேண்டும்.

இச்செயலைக் குறிக்கும் ‘ரிசால்வ்’ என்னும் சொல்லைத் ‘தீர்த்தல்’ எனப் பெயர்ப்பாரும் உளர். தீர்த்தல் என்றதும், சிக்கலைத் தானே அவிழ்க்கும் அறிவாளி ஒருவர் மனத்தில் தோன்றுகிறார். பெயர் வழங்கியோ தான் அறியாததை அறிந்தாரிடம் கேட்டு வந்து சொல்வது. ஆகவே இதனைப் ‘பெயர் வினவல்’ என்றே நாம் வழங்குவோம். இது வெறும் சொல்லாசை அன்று. யாரிடம் கேட்பது என்பதே இங்கு முதன்மை என்பதை அச்சொல் நினைவூட்டும்.

தொல்காப்பியக் கிளவியாக்கம் செப்பும் வினாவும் பிழைபடாமல் காக்கச் சொல்கிறது. நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். கணினி கேட்பது அறியாவினா. முகவரியைத் தந்தால் அது நேர்விடை போன்றது. ‘அப்பெயர் இல்லை’ என்றால் மறைவிடை போன்றது. ஒன்றும் சொல்லாதிருப்பது விடையே அன்று. இவ்வேறுபாட்டை மறப்பதால் விளையும் இடரைக் காண்போம்.

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மாணவர் பதிவேடு வளாகத்து வழங்கியில் உள்ளது. தமிழ்ப் பாடப்பொருள் தொகுப்பு மேகக் கணினியில் உள்ளது. 2024 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் மலேசியாவிலேயே தன் மேகத் தளத்தைத் திறந்தது. தளம் நாட்டுக்குள் வந்தாலும் வளாகத்துக்கும் மேகத்துக்கும் இடையிலான எல்லை மறைந்துவிடாது. வளாகத்தின் உட்பெயர்களை மேகம் அறியாது. மேகத்தின் உட்பெயர்களை வளாகம் அறியாது.

இந்நிலையில் பலர் செய்வது என்ன? ஒவ்வொரு கணினியிலும் இரண்டு பெயர் வழங்கிகளைக் குறித்துவைக்கின்றனர். முதலது அறியாவிடில் இரண்டாவது சொல்லும் என்பது அவர்தம் எண்ணம். ஆனால் முதல் வழங்கி அறியாத பெயருக்கு வாளா இருப்பதில்லை. ‘இல்லை’ என்று தெளிவாகவே விடையளிக்கிறது. விடை கிடைத்தபின் கணினி பொதுவாக இரண்டாவதை நாடுவதில்லை. முதலது பேசாதபோதுதான் இரண்டாவதற்கு வாய்ப்பு. பாடப்பொருள் இருந்தும் ஆசிரியரின் திரையில் ‘இல்லை’ என்றே தோன்றும். அவ்விடை சிறிது காலம் நினைவகத்திலும் தங்குவதால், பிழையைத் திருத்திய பின்னரும் உடனே மாறாது.

முறையான வழி, பெயரின் ஈற்றைப் பார்த்து வினாவை உரியவரிடம் அனுப்புவது. மேகத்துக்குரிய ஈறுடைய பெயர்களை வளாக வழங்கி மேகத்துக்கு அனுப்ப வேண்டும். வளாகத்துக்குரிய ஈறுடையவற்றை மேகம் வளாகத்துக்கு அனுப்ப வேண்டும். ஈறு நோக்கி வேற்றுமை அறியும் தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று.

இதற்கு ஒரு தடையும் உண்டு. மேகத்தின் உள்வழங்கி, தன் பிணையத்துக்குள்ளிருந்து வரும் வினாவுக்கே செவிசாய்க்கும். ஆகவே உள்வரும் வினாவுக்கு ஒரு வாயிலும் வெளிச்செல்லும் வினாவுக்கு ஒரு வாயிலும் வேண்டும். இவ்வாயில்களை அமேசான் 2018ஆம் ஆண்டிலும் மைக்ரோசாஃப்ட் 2022ஆம் ஆண்டிலும் ஆயத்த சேவையாக வழங்கத் தொடங்கின. அதற்குமுன் அவரவரே இடைநிலை வழங்கி ஒன்றை மேகத்தில் நிறுவி நடத்தினர். இரு புறத் தீயரண்களும் 53ஆம் துறையைத் திறந்துவைக்க வேண்டும்.

இன்னொரு பிழை, ஒரே ஈற்றுக்கு இரு புறமும் மற்றவரைச் சுட்டுவது. வளாகம் மேகத்தைக் கேட்கும். மேகம் மீண்டும் வளாகத்தைக் கேட்கும். வினா சுற்றிக்கொண்டே இருக்கும், விடை பிறக்காது. ஓர் ஈற்றுக்கு ஒரு பொறுப்பாளரே என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால் இவ்வட்டம் தோன்றாது. அகப்பெயர், உலகப் பொதுப்பெயரோடு மோதாமலும் இருக்க வேண்டும். இதன்பொருட்டே, பெயர்களை ஆளும் ஐகான் அமைப்பு 2024 ஜூலையில் ‘இன்டர்னல்’ என்னும் ஈற்றைத் தனிப்பட்ட பிணையங்களுக்கென ஒதுக்கியது.

மாணவர்களே, தமிழ் நூல்களும் ஒலிப்பதிவுகளும் மேகத்துக்குச் செல்லும் காலம் இது. சேர்த்துவைப்பது பாதிப் பணி. பெயர் சொல்லிக் கேட்பவர்க்குக் கிடைக்கச் செய்வது மீதிப் பணி. ‘இல்லை’ என்னும் விடை திரையில் தோன்றும்போது, பொருள் அழிந்தது என்று முடிவு கட்டாதீர்கள். யாரிடம் கேட்டோம், அவர் அப்பெயருக்கு உரியவர்தாமா என்று முதலில் வினவுங்கள்.