குறி தவறாத கல்லூரி மாணவி

அன்பான பெற்றோர்களே!

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவி ஜின்னி த்ராஷர், முதலாண்டிலேயே, 2016இல், கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் ஏர் ரைஃபிள், ஸ்மால்போர் இரண்டு பிரிவிலும் முதலிடம் பெற்றார். அதே ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் முதல் தங்கமும் அவருக்கே. அப்போது வயது 19. அவரிடம் தோற்று வெள்ளியும் வெண்கலமும் பெற்ற சீன வீராங்கனைகள் இருவரும் முன்னாள் ஒலிம்பிக் சாம்பியன்கள்.

10 மீட்டர் தொலைவில், அரை மில்லிமீட்டர் புள்ளிதான் இலக்கு. அங்கே வெல்வது பொறுமையும் இடைவிடாத பயிற்சியும்தான்.

அம்பெய்தப் பழகுமாறு நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டியதை நாம் அறிவோம். அந்த மாணவியின் திறமையை உலகம் அறிந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். பிளஸ் டூ முடித்த பெண்மக்களை வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டணம் தடையென்றால் எங்களிடம் வாருங்கள். இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.