பல தோள்கள் சுமக்கும் பொறுப்பு

திருச்சபையை நடத்த வேண்டியவர் ஒருவரா, பலரா? கிறிஸ்தவ உலகில் நெடுங்காலமாக எழுந்து வரும் கேள்வி இது.

புதிய ஏற்பாட்டில் சபையின் மூப்பர்கள் பெரும்பாலும் பன்மையிலேயே குறிப்பிடப்படுகிறார்கள். பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள் என அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரம் கூறுகிறது. எபேசு சபையிடம் விடைபெற்றபோது பவுல் மிலேத்துவுக்கு வரவழைத்தது ஒரு தலைவரை அல்ல. அந்தச் சபையின் மூப்பர்களை.

2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறுவதைக் காண்கிறோம். பிளவுகளைத் தவிர்க்க, ஒரே ஆயரைச் சார்ந்து நிற்குமாறு அந்தியோகியா இக்னாசியார் தம் கடிதங்களில் வலியுறுத்தினார். கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகளில் ஆயர் ஆட்சி இன்றும் நிலைத்திருக்கிறது.

மூப்பர் முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் ஜான் கால்வின். 1541இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்ட சட்டத்தின்படி, போதகர்களுடன் 12 மூப்பர்கள் அமர்ந்து சபை ஒழுங்கைக் கவனித்தார்கள். அந்த மூப்பர்கள் நகர மன்றங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வாரந்தோறும் கூடிய அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரும் கால்வின் அல்லர். நகர ஆட்சித் தலைவர்களுள் ஒருவரே. இந்த முறை ஸ்காட்லாந்தில் பிரஸ்பித்தேரியன் சபையாக வளர்ந்து, ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய நாடுகளுக்கும் பரவியது. சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலை பிரஸ்பித்தேரியன் சபை 1856இல் தோன்றியது.

ஆனால் பலர் இருந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடாது. ஜெனீவா மூப்பர்கள் நடனமாடியவர்களையும் கணவன் மனைவி சண்டைகளையும்கூட விசாரித்தார்கள். கூட்டுத் தலைமையும் அத்துமீறலாம். போதகர் தமக்கு வேண்டியவர்களையே மூப்பர்களாக அமர்த்தி, அவர்களும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், அது பெயரளவில் பலர் ஆட்சி. உண்மையில் ஒருவர் ஆட்சியே.

ஆகவே ஒரு சபையார் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மூப்பர்களைத் தேர்ந்தெடுப்பதில் சபைக்குப் பங்கு உண்டா? காணிக்கைக் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இல்லாமல் சபையார் பார்வைக்கு வருகிறதா? போதகர் மீதோ மூப்பர் மீதோ புகார் எழுந்தால், அதை அஞ்சாமல் சொல்ல வழி இருக்கிறதா?

மூப்பர் மீதான புகாரை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்க வேண்டும், தவறு செய்தவரை எல்லார் முன்னிலையிலும் கண்டிக்க வேண்டும் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம். வீண்பழியிலிருந்து மூப்பருக்குப் பாதுகாப்பு. தவறு செய்யும் மூப்பரிடமிருந்து சபைக்குப் பாதுகாப்பு. இரண்டும் சேர்ந்து இருக்கும்போதுதான் பகிர்ந்த தலைமை பயன் தரும்.