அற்புதமும் 'ஆம்' என்னும் ஈறும்



அற்புதம் நிகழக்கூடுமா என்னும் வினாவை நாம் சொல்லிலிருந்து தொடங்குவோம். 'அற்புதம்' வடமொழிவழி வந்த சொல். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு நெருங்கிய பொருளில் 'மருட்கை' என்று கூறும். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் மருட்கையின் நிலைக்களன்கள். அது காண்பவரின் உள்ளத்தே தோன்றுவது. 1748இல் டேவிட் ஹியூம் தந்த இலக்கணமோ உலகைப் பற்றியது: இயற்கை விதி மீறப்படுவதே அற்புதம். வியந்தோம் என்பதனால் விதி மீறப்பட்டதாகிவிடுமா?

1995 செப்டம்பர் 21 அன்று, புதுதில்லிக் கோயிலொன்றில் பிள்ளையார் பால் அருந்துவதாகச் செய்தி கிளம்பியது. அன்றே அது கடல் கடந்தது. இந்திய அரசின் அறிவியலாளர் சாயம் கலந்த பாலைக் கொண்டு ஆராய்ந்தனர். சாய்ந்த கரண்டியின் விளிம்பு சிலையைத் தொட்டதும் பரப்பு இழுவிசை பாலை வெளியே இழுக்கிறது. அது மெல்லிய படலமாகச் சிலைமேல் வழிகிறது. பால்மரம் சீவிய நம் பேராக் தோட்டத்து மக்களுக்கு வழியும் பால் புதிதன்று. பழுப்பு மரப்பட்டையில் அது பளிச்சென்று தெரியும். ஈரமான வெண்பளிங்கில் தெரியாது.

சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுக்கும். கரண்டியில் பால் குறைந்தது காட்சி, அது பொய்யன்று. பிள்ளையார் அருந்தினார் என்பது கருதல். 'அருந்தினாராம்' என்பதோ சித்தியார் கூறும் உரைகூட அன்று. அங்கே உரை என்பது முதன்மையாக அருள்நூலையே குறிக்கும். இது வெறும் ஊர்ப்பேச்சு. கேட்டதைக் கேட்டதாகவே உணர்த்தத் தமிழ் 'ஆம்' என்னும் ஈற்றை வைத்திருக்கிறது. செய்தி நான்கு வாய் மாறுவதற்குள் முதலில் உதிர்வது அந்த ஈறுதான். 'அருந்தினாராம்' 'அருந்தினார்' ஆகிவிடுகிறது.

ஒரு சாட்சியம் பொய்யாவது, அது கூறும் நிகழ்ச்சியைவிட அரிதாக இருந்தாலன்றி அதனை ஏற்கலாகாது என்றார் ஹியூம். அற்புதம் நிகழவே முடியாதென இதனால் நிறுவப்படவில்லை. நம்புவதற்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பதே இங்கு அளக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை நம் பகுத்தறிவு மேடைகளும் மறந்ததுண்டு.

தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர், "என் பாட்டி நேரில் கண்டார்" என்று வகுப்பில் சொல்லக்கூடும். ஆசிரியர் நகைத்தால் பிள்ளை பாட்டியையோ பாடத்தையோ இழக்க நேரும். "பாட்டி கண்டது என்ன? பிறர் சொல்லக் கேட்டது என்ன?" என்று வினவலாம். பாட்டியிடமே கேட்டுவரச் சொல்லலாம்.