கண்ணாடியும் பற்றாசும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘கவிதையில் இணைப்பு’ என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. கவிதைக்குச் செல்லுமுன் ஒரு கைத்தொழிலைப் பற்றிச் சில சொற்கள் கூற இசைவு தர வேண்டுகின்றேன். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்துச் சாளரங்களும் விளக்குக் குடைகளும் செய்யும் தொழில் அது. தோழி ஒருவர் நடத்தும் பயிற்சி வகுப்பில் சென்ற ஆண்டு சில நாள்கள் மாணவியாக அமர்ந்திருந்தேன். இருபது ஆண்டுகளாக யாப்பிலக்கணம் கற்பித்து வரும் எனக்கு அவ்வகுப்பு யாப்பையே மீண்டும் கற்பித்தது.

ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய சாளரங்களில் கண்ணாடித் துண்டுகளைக் காரீயச் சட்டங்கள் தாங்குகின்றன. இருபுறமும் பள்ளம் கொண்ட சட்டத்தில் துண்டுகளைச் செருகி, சட்டங்கள் கூடுமிடங்களைப் பற்றவைப்பார்கள். பெரிய சாளரத்திற்கு அது பொருந்தும். விரல் நகம் அளவேயான துண்டுகளுக்கும் குவிந்து வளைந்த விளக்குக் குடைக்கும் அச்சட்டம் மிகவும் தடிப்பானது. அவற்றிற்கு உரியது செப்புத்தாள் முறை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியின் தொழிற்கூடம் இம்முறையால் பெரும் புகழ் பெற்றது.

முறை எளிதாகத் தோன்றும். ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்து, மெல்லிய செப்புத்தாளை விளிம்பைச் சுற்றி ஒட்ட வேண்டும். தாள் முன்புறமும் பின்புறமும் ஒரே அளவாக மடிய வேண்டும். பிறகு சிறு கோலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். துண்டுகளை அருகருகே அடுக்கி, செம்பின் மேல் இளக்கியைத் தடவி, முதலில் அங்கங்கே ஒரு பொட்டு வைத்து நிலைநிறுத்துவார்கள். அதன் பின்னரே 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் சேர்ந்த கலவையைச் சூட்டுக்கோலால் உருக்கி, இணைப்பு நெடுகிலும் ஓடவிடுவார்கள். ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் அது முழுமையாக உருகும். கோல் ஓரிடத்தில் மிகுதியாகத் தங்கினால் கண்ணாடி விரிந்துவிடும். விரைந்து ஓடினால் வரி மேடு பள்ளமாகும்.

இதில் நாம் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி ஒன்றுண்டு. உருகிய ஈயம் கண்ணாடியில் பற்றுவதில்லை. செம்பில் மட்டுமே பற்றும். அச்செம்பும் இளக்கி தடவித் தூய்மை பெற்றிருந்தால்தான் ஈயத்தை ஏற்கும். முதல் நாள் நான் இளக்கி தடவ மறந்தேன். ஈயம் மணிமணியாக உருண்டு ஓடியது. நான் சூட்டுக்கோலைக் குறை கூறினேன். தோழியோ, “கோலைப் பார்க்காதீர்கள் அம்மா, தாளைப் பாருங்கள்” என்றார்.

அன்றிரவு யாப்பருங்கலக் காரிகையின் உரையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு குறட்பாக்களைத் தனிச்சொல்லால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, முதற்குறளும் தனிச்சொல்லும் பொருந்தாது விட்டிசைப்பதுண்டு. அவ்விடத்தில் ஓர் அசையோ இரண்டு அசையோ கூட்டிச் செப்பனிடுவர். அதற்கு ஆசிடை நேரிசை வெண்பா என்று பெயர். ஒன்றோடொன்று சேராத உலோகங்களைப் பற்றாசு இட்டு ஒன்றாக்குவதை உரைகாரர் குணசாகரர் இதற்கு உவமை காட்டுகின்றார். பட்டறையின் பற்றாசு நம் பாவகை ஒன்றுக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது! ‘ஆசு’ என்னும் சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருளுண்டு, பற்றுக்கோடு என்றும் பொருளுண்டு. பார்ப்பவன் கண்ணுக்கு மாசாகத் தெரியும் வரியே முழுப் பொருளையும் தாங்கி நிற்கின்றது.

நம் மாதக் கூட்டங்களில் கவிதைகளை மதிப்பிடும்போது படிமங்களையே பாராட்டுகின்றோம். அவை கண்ணாடித் துண்டுகள். ஒரு படிமத்திலிருந்து அடுத்த படிமத்திற்குக் கவிஞர் எவ்வாறு கடந்தார், அங்கே என்ன வைத்தார் என்று நாம் கேட்பதில்லை. ஒளிரும் பத்து வரிகள் இருந்தும் கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும் கவிதைகளை நாம் அனைவரும் எழுதியிருக்கின்றோம், நானும் எழுதியிருக்கின்றேன். குறை வரிகளில் இல்லை. அவற்றின் விளிம்புகளைச் செப்பமிடாமல் அடுக்கியதில் உள்ளது.

இணைப்பைக் காணாத கண், இணைத்தவரையும் காண்பதில்லை. டிஃபனியின் தொழிற்கூடத்தில் பெண்களுக்கென்று கண்ணாடி வெட்டும் பகுதி ஒன்று இருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒஹையோ மாநிலத்தில் 1861-இல் பிறந்த கிளாரா டிரிஸ்கால் என்னும் அம்மையார். கண்ணாடியின் நிறம் தேர்ந்து, வெட்டி, செப்புத்தாள் சுற்றியவர்கள் அப்பெண்கள். பற்றவைக்கும் வேலை ஆடவர் பகுதியில் நடந்தது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்ற தும்பி விளக்கு கிளாராவின் வடிவமைப்பு. 1903-இல் ஆடவர் தொழிற்சங்கம் இப்பெண்களின் வேலைக்கு எதிர்ப்புத் தெரிவித்தது. பெண்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டப்பட்டது. பின்னர் விளக்குகள் அனைத்தும் டிஃபனி என்னும் ஒரே பெயரில் வாழ்ந்தன. கிளாரா தம் தாய்க்கும் உடன்பிறந்த சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்கள் ஆய்வாளர் கண்ணில் பட்ட பிறகே, 2007-இல் நியூயார்க் வரலாற்றுக் கழகம் நடத்திய கண்காட்சி வாயிலாக, அப்பெண்களின் உழைப்பை உலகம் பரவலாக அறிந்தது. குடும்பத்தார் அக்கடிதங்களைக் குப்பையில் இட்டிருந்தால்?

இவ்வினாவை எழுப்பும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் இம்மேடையில் கூற வேண்டும். நம் வட்டத்தின் ஐந்தாம் ஆண்டுக் கவிதைத் தொகுப்பில் பதிப்பாசிரியர் என்று என் பெயர் அச்சேறியது. கையெழுத்துப் படிகளை ஒழுங்காகப் பெயர்த்தெழுதி, மெய்ப்பினை மும்முறை திருத்தி, கவிதைகளின் வரிசையைக்கூட மாற்றியமைத்து உதவியவர்கள் இரண்டு பெண் உறுப்பினர்கள். ‘உதவிய நண்பர்களுக்கு நன்றி’ என்னும் ஒரே தொடரில் அவர்களை அடக்கிவிட்டேன். நூல் வெளியீட்டின்போது அவ்விருவரும் பின்வரிசையில் அமர்ந்து கைதட்டினார்கள். அவர்களுள் ஒருவர் அதன்பின் கூட்டத்திற்கு வருவதில்லை. காரணம் அவர் கூறவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே மலர்க்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இம்மலரில் கவிஞர் பெயர்களோடு, பத்தாண்டுகளாக அழைப்பு மடல் எழுதியவர், பாய் விரித்தவர், மெய்ப்புத் திருத்தியவர், கணக்கு எழுதியவர் ஆகிய அனைவரின் பெயர்களும் ஒரு பக்கத்தில் இடம்பெற வேண்டும். அவ்விரு பெண்களின் இசைவைப் பெறும் பொறுப்பை நான் ஏற்கின்றேன். வராமல் போனவரின் வீட்டிற்கு இவ்வாரமே செல்ல இருக்கின்றேன்.