கோப்பியும் இனிப்பும்



கோப்பி உடலுக்கு நல்லதா, கெட்டதா என்று கேட்போர்க்கு விடை கூறுதல் முன்னொரு காலத்திற் கடினமாயிருந்தது. இன்று அத்துணைக் கடினமன்று. கோப்பியின்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுட் பல விசாரணையில் நிற்கவில்லை. ஆயின், அதனோடு கூடக் கிண்ணத்துள் இறங்கும் இனிப்பின் கணக்கு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், நம்மிற் பலர் விலக்கவேண்டாததை விலக்கி, விலக்கவேண்டியதை வைத்துக்கொள்கின்றனர்.

முதலிற் கோப்பியை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவில் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண் பெண்களைப் பல்லாண்டுகள் கவனித்துவந்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வயதை மாத்திரம் கருத்திற்கொண்டு கணக்கிட்டபோது, கோப்பி குடிப்போரிடையே இறப்புக் கூடுதலென்று தோன்றிற்று. ஆனால், கோப்பியை மிகுதியாகக் குடிப்போரிற் பலர் புகைபிடிப்போராகவும் இருந்தனர். புகையின் பங்கைப் பிரித்துவிட்டுப் பார்த்ததும் கணக்குத் தலைகீழாயிற்று. கோப்பி குடிப்போரிடையே இறப்புச் சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. சிகரெட்டுச் செய்த குற்றத்துக்காகக் கோப்பி கூண்டில் ஏறி நின்றதென்பது இதனாற் புலனாகும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் கோப்பி காரணமாகலாமென 1991இல் ஐயுற்ற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் 2016இல் அவ்வையத்தைக் கைவிட்டது. அப்பொழுதே வேறோர் எச்சரிக்கையும் விடுத்தது. கோப்பியோ தேநீரோ, எதுவாயினும் 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிற் குடித்தல் உணவுக்குழாயிற் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதே அது. நாக்கைச் சுட்டாற்றான் கோப்பி என்னும் அன்பர்கள் சிறிது ஆற்றிக் குடிப்பார்களாக.

இதனாற் கோப்பியை அமிர்தமென்று கூற வந்தேனல்லேன். கருவுற்றிருக்கும் மகளிர் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கஃபீன் கொள்ளலாகாது. மற்றையோர்க்கு 400 வரை பாதகமில்லை என்பர். உணவோடு சேர்த்துக் குடித்தால், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். இரத்தச்சோகையுள்ள பெண்கள் இதனை மறத்தலாகாது. தூளைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டுக் குடிப்பதிலும் ஒரு குறையுண்டு. கடதாசி வடியில் அகப்பட்டுவிடும் எண்ணெய்ப்பொருள் அவ்வாறு செய்த கோப்பியிலே தங்கி, இருதயத்துக்கு ஆகாத கொலஸ்திரோலைக் கூட்டும். மல்லியும் வேர்க்கொம்பும் கூட்டி இடித்த நம் வீட்டுத் தூளிலே கோப்பிக்கொட்டையின் பங்கு குறைவு. ஆதலாற் கஃபீனும் அந்த அளவுக்குக் குறையும்.

இனி இனிப்பைப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி ஏறக்குறைய 50 கிராமுக்கு, அதாவது 12 தேக்கரண்டிக்கு, உட்பட்டிருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்தது; 25 கிராமுக்குள் அடங்கின் மேலும் நன்று என்றது. பணிசிலும் யாமிலும் சோடாவிலும் உள்ள சீனியும் இக்கணக்கிற் சேரும். நாளைக்கு ஐந்து கிண்ணம், கிண்ணத்துக்கு இரண்டு கரண்டி எனக் குடிப்பவர் கோப்பியினாலேயே பத்துக் கரண்டியை முடித்துவிடுகிறார். விருந்துக்குப் போன வீட்டில் "சீனி காணுமோ?" என்று கேட்டு மேலுமொரு கரண்டி இடுகின்றார்கள்; அந்த அன்புக்கும் கணக்குண்டு. தகரப்பாலிற் கலந்த கோப்பியாயின், அப்பாலின் நிறையில் ஏறக்குறையப் பாதி சீனியே.

பிரித்தானிய மக்களைக் கவனித்து 2022இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கோப்பிக்குச் சீனியிட்டு அளவாகக் குடித்தோரும் கோப்பியே குடியாதோரைவிடக் குறைந்த விகிதத்திலேயே இறந்தனர். இதைக் கேட்டு மகிழ்வதற்கு முன், அவர்கள் இட்டது சராசரியாகக் கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டியளவு என்பதை அறிதல் வேண்டும். நம்மவர் கரண்டியோ பெரும்பாலும் குவிந்த கரண்டி.

"சீனியை விட்டுவிட்டேன், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிக்கிறேன்" என்று நீரிழிவுக்காரர் சொல்லக் கேட்கிறோம். என்னை மிகவும் வருத்துவது இந்தப் பேச்சே. பனங்கட்டியின் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்குரோசுதான். சிறிதளவு கனியுப்புக்களும் நல்ல மணமும் அதில் உண்டென்பது மெய். ஆயினும் இரத்தத்திற் குளுக்கோசு ஏறும்போது அவை தடுக்கமாட்டா. கித்துள் கருப்பட்டிக்கும் தேனுக்கும் இதுவே விதி.

அப்படியாயின் இனிப்புக் குளிகை இடலாமா? 1879இல் அமெரிக்காவிலே ஃபால்பேர்க் என்னும் இரசாயனர் கண்ட சாக்கரின் இவ்வகையில் மூத்தது. எலிகளிற் புற்றுநோய் கண்டதனால் 1977இல் அது பெரும் அச்சத்தை எழுப்பிற்று. எலியில் நிகழ்ந்தது மனிதருக்குப் பொருந்தாதெனத் தெளிந்தபின், 2000ஆம் ஆண்டில் அங்கு எச்சரிக்கைக் குறிப்பு நீக்கப்பட்டது. அஸ்பார்ட்டேம் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ளதென 2023இல் வகைப்படுத்தப்பட்டது. எனினும், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 40 மில்லிகிராம் என்ற நாளாந்த எல்லையை நிபுணர் மாற்றவில்லை. 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு அது 2400 மில்லிகிராம்; கோப்பியிலிடும் ஓரிரு குளிகைகள் அதன் அருகிலும் வரா.

அதே 2023இல் உலக சுகாதார நிறுவனம், உடல் மெலிவதற்காக இக்குளிகைகளை நாடவேண்டாமென்றது. நெடுங்காலப் பயனுக்குச் சான்றில்லை என்பதே காரணம். அவ்வறிவுரை ஏற்கெனவே நீரிழிவுள்ளோரைக் குறித்ததன்று. அவர்கள் இரண்டு கரண்டிச் சீனிக்குப் பதிலாக ஒரு குளிகை இட்டால், அந்தச் சீனி உடலிற் சேராமற் போகிறது. அவ்வளவே அதன் பயன். குளிகைக் கோப்பியோடு இரண்டு துண்டு கேக்கை உண்பவருக்கு அதுவுமில்லை. குளிகையும் வேண்டாமென்போர் வாரத்துக்கு அரைக் கரண்டியாகச் சீனியைக் குறைத்துவரலாம். நாக்கு மெல்லப் பழகிவிடும்.

நீரிழிவுக்காரர் இருக்கும் வீடுகளுக்கு இன்னுமொன்று. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ பாவிப்பவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால், குருதியிற் குளுக்கோசு தாழ்ந்திருக்கக்கூடும். அப்பொழுது இனிப்புக் குளிகையிட்ட கோப்பியைக் கொடுத்துப் பயனில்லை. அவர் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையிலிருந்தால், மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்து உடனே பருக்குங்கள். நினைவு தவறியிருப்பின் வாயில் எதனையும் ஊற்றாது, தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.