மதியம் கொட்டுது, மாலையில் தேடுறோம்: சூரிய மின்சாரமும் நம்ம வீட்டு மாடியும்

(மின்னிதழின் ஒலி வடிவத்துக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



"எதிர்காலம் சோலார்தான்" என்ற வாசகத்தை விளம்பரங்களில் நிறையப் பார்த்திருப்பீங்க. ஆனால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் சேவை முகாம்களிலும் மக்கள் கேட்கிற கேள்விகள் வேறு. "எங்க வீட்டுக்குப் போட்டா கட்டுப்படியாகுமா? கரண்ட் போனாலும் ஃபேன் ஓடுமா? மானியம் நிஜமாவே கைக்கு வருமா?" இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு எதிர்காலத்தைப் பற்றிப் பேசினால் அது வெறும் மேடைப் பேச்சாகத்தான் இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துடலாம். 2014-இல் இந்தியா முழுவதும் இருந்த சூரிய மின் நிறுவுதிறன் 3,000 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. 2025 ஜனவரி மாத முடிவில் அது ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நிலக்கரி போன்ற எரிபொருள் இல்லாத வழிகளில் 2030-க்குள் ஐந்து லட்சம் மெகாவாட் என்பது நாட்டின் இலக்கு. அதில் பெரும்பங்கு சூரியனிடமிருந்துதான் வர வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு சூரிய சக்தி விளக்குகளும் சேர்த்தே தரப்பட்டன. 2012-இல் மாநிலத்துக்கென்று சூரிய மின்சக்திக் கொள்கை வந்தது. 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்றாக அது பேசப்பட்டது. 2019-இல் வந்த புதிய கொள்கை 9,000 மெகாவாட்டை இலக்காக வைத்தது. அதில் 40 சதவீதம் நுகர்வோர் இடங்களிலேயே, அதாவது வீடு, கடை, ஆலை போன்ற கட்டடங்களில் அமைய வேண்டும் என்றது. கமுதி மாதிரி பெரிய நிலையங்கள் ஒருபக்கம் இருக்க, நம்ம மாடிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று அரசு அப்பவே சொல்லிவிட்டது.

மெகாவாட் வேறு, யூனிட் வேறு

இங்கே ஒரு சின்னக் கணக்கு தெரிஞ்சுக்கணும். ஒரு கிலோவாட் பேனல் 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 24 யூனிட் தர வேண்டும். ஆனால் இரவில் சூரியன் இல்லை. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். நம்ம ஊரில் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். அதாவது ஆறில் ஒரு பங்கு. அதனால், "இத்தனை மெகாவாட் சோலார் வந்துவிட்டது" என்ற செய்தியைப் படிக்கும்போது, அதே அளவு அனல் மின் நிலையத்துக்கு அது சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைவிட முக்கியமானது நேரம். சூரிய மின்சாரம் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை கொட்டும். நாம் அதிகமாகத் தேடுவதோ அதற்குப் பிறகு. ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், டிவி ஓடும், மிக்ஸி ஓடும். கோடையில் பத்து மணிக்கு மேல் ஏ.சி.யும் சேர்ந்துகொள்ளும். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடைப் பகலில் சூரிய மின்சாரம் பெரிய கை கொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் அந்தக் கை விலகிக்கொள்கிறது. அந்த இடத்தை நிலக்கரியோ, நீரோ, காற்றோ, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரமோ நிரப்பியாக வேண்டும். காற்றாலைகள் நமக்குப் பெரிய பலம்தான். ஆனால் அவற்றுக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன்.

ஆகவே சூரிய மின்சாரத்தின் எதிர்காலம் என்பது எத்தனை பேனல் போடுகிறோம் என்பதோடு முடிவதில்லை. பகலில் கிடைப்பதை மாலைக்கு எப்படிக் கொண்டுபோகிறோம், மாலையில் செய்யும் வேலைகளில் எதையெல்லாம் பகலுக்கு மாற்றுகிறோம் என்பதில்தான் அது இருக்கிறது.

கொண்டுபோகும் வழிகளில் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. மின்சாரம் மிச்சமாக இருக்கும் நேரத்தில் கீழேயுள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை கூடும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். வீட்டில் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பி வைப்பது மாதிரிதான். நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டமும் இதே முறையிலானது. இதோடு, பெரிய பேட்டரித் தொகுப்புகளும் நாடு முழுவதும் வரத் தொடங்கியிருக்கின்றன.

இது அரசு செய்ய வேண்டிய வேலை. நம் வேலை நம்ம மாடியில் தொடங்குகிறது.

யாருக்குக் கட்டுப்படியாகும்?

பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 2026-27 நிதியாண்டு வரை இது நடைமுறையில் இருக்கும். மானியம் இப்படி: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000.

மானியம் இருக்கிறதே என்று எல்லாரும் உடனே போட்டுவிட வேண்டுமா? வேண்டாம். முதலில் ஈ.பி. பில்லை எடுத்துப் பாருங்க.

2025-இல் நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது. அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. கீழ்ப்படியில் யூனிட் ஐந்து ரூபாய்க்குள் இருக்கும். மேல்படியில் பத்து ரூபாயைத் தாண்டும். அந்தக் கணக்கில், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டுக்குச் சுமார் 700 ரூபாய்தான் பில் வந்தது. இந்த வீட்டில் சோலார் போட்டால் போட்ட பணம் திரும்பி வரப் பல வருடம் ஆகும். அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் அதே கணக்கில் 800 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் ஏறக்குறைய 4,800 ரூபாய் வந்தது. அங்கே 2 கிலோவாட் பேனல் போட்டால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 480 யூனிட் கிடைக்கும். முதலில் குறைவது விலை அதிகமான மேல்படி யூனிட்டுகள்தான். அதனால்தான் பில் அதிகம் வரும் வீட்டுக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்புகிறது.

இடக் கணக்கும் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னை, நம்ம தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூண்டு இவற்றின் நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று ஒருநாள் பார்த்துக் குறிச்சு வையுங்க. ஒரு பேனலில் விழும் நிழல், அதோடு இணைந்த மற்ற பேனல்களின் உற்பத்தியையும் குறைத்துவிடக்கூடும். வடாம் காயப்போட, துணி உலர்த்த இடம் வேண்டுமென்றால் சட்டத்தை உயரமாக அமைக்கச் சொல்லலாம். ஆனால் உயரம் கூடினால் காற்றின் தாக்கமும் கூடும். வர்தாவையும் கஜாவையும் பார்த்தவர்கள் நாம். சட்டத்தை மாடியில் எப்படிப் பொருத்தப்போகிறார்கள் என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுத் தெளிவாகிக்கணும்.

கரண்ட் போனா என்ன ஆகும்?

இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஏமாந்ததாக நினைப்பவர்கள் நிறையப் பேர். மானியத்தில் பொதுவாகப் போடப்படுவது மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் அமைப்பு. பகலில் நம் தேவைக்கு மேல் உற்பத்தியானால், மிச்சம் கம்பி வழியாக வெளியே போகும். இரவில் கம்பியிலிருந்து எடுப்போம். போனதும் வந்ததும் இருவழி மீட்டரில் பதிவாகும். இதில் பேட்டரி இல்லை. தெருவில் கரண்ட் போனால் நம்ம சோலாரும் தானாக நின்றுவிடும்.

இது பழுது இல்லை, பாதுகாப்பு. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி வேலை செய்கிறார். நம் மாடியிலிருந்து அந்தக் கம்பிக்கு மின்சாரம் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அந்த ஏற்பாடு. மின்தடையிலும் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய அமைப்பைத் தனியாகக் கேட்க வேண்டும். செலவும் கூடும்.

விண்ணப்பம் போடுறது எப்படி?

பி.எம். சூர்ய கர் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யணும். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் மத்திய அரசின் விதிகள் திருத்தப்பட்டன. அதன் பிறகு பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கணும். வேலை முடிந்ததும் மின்வாரியம் ஆய்வு செய்து இருவழி மீட்டர் பொருத்தும். பிறகு வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவு செய்தால், மானியம் நேராக உங்க கணக்குக்கே வரும். அடமானம் இல்லாத வங்கிக் கடன் வசதியும் இருக்கிறது.

மூன்று எச்சரிக்கை. ஒன்று, "முழுக்க இலவச சோலார்" என்று வரும் குறுஞ்செய்தி இணைப்புகளைத் தொடாதீங்க. மானியம் கழித்துப் பெரும்பாலானவர்களுக்குக் கைக்காசு கொஞ்சமாவது ஆகும். இரண்டு, மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டில் தயாரான பேனலாக இருக்க வேண்டும். விலைப்புள்ளியில் அதை எழுதி வாங்குங்க. மூன்று, ஐந்து வருடப் பராமரிப்பு பொருத்திய நிறுவனத்தின் பொறுப்பு. யார் வந்து பார்ப்பார், எத்தனை நாளில் பார்ப்பார் என்பதும் எழுத்தில் இருக்கணும். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீங்க. மின்வாரியம் சார்ந்த சந்தேகம், புகார் எதுவானாலும் மின்னகம் எண் 94987 94987-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மாடி இல்லாதவங்க?

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தத் திட்டம் சொந்தக் கூரை உள்ளவர்களுக்கானது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், ஒரே மாடியை இருபது வீடுகள் பங்கிடும் அடுக்குமாடிக் குடும்பங்களுக்கும் இன்றைக்குப் பலன் குறைவு. அடுக்குமாடிகளுக்கு ஒரு வழி உண்டு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வீதம் சங்கத்தின் பெயரில் மானியம் பெறலாம். பொது மின்கட்டணம் குறைந்தால் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையும் குறைய வாய்ப்பு உண்டு. அங்கே குடியிருக்கும் வாடகைதாரர் அதைக் கேட்டு வாங்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாங்க.

வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளும் மாற்றம் இன்னொரு பக்கத்திலிருந்து வரலாம். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய நுகர்வோருக்கு, சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசின் விதிகளில் சேர்க்கப்பட்டது. உச்சத் தேவை நேரத்தில் கட்டணம் கூடும். அந்த முறை நம் வீடுகளுக்கு வரும்போது, மாடியில் பேனல் இல்லாதவரும் பகலில் மோட்டார் போட்டு, பகலில் துணி துவைத்துப் பலன் பெறலாம். அதே நேரம், பகல் முழுக்க வேலைக்குப் போய்விட்டு மாலையில்தான் வீடு திரும்புகிற குடும்பங்களுக்கு அது சுமையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண மாற்றத்துக்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அந்தக் கூட்டங்கள் தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டுமானவை என்று நினைக்காதீங்க. வீட்டு நுகர்வோரும் எழுதிக் கொடுக்கலாம், நேரில் போய்ப் பேசலாம்.

கடைசியாக ஒரு வேலை. கடந்த ஒரு வருடத்தின் ஆறு ஈ.பி. பில்களை எடுத்து, யூனிட்டுகளைக் கூட்டி, ஆறால் வகுத்துப் பாருங்க. சராசரி 500-க்கு மேல் போனால் மாடியை அளக்க ஆரம்பிக்கலாம். 300-க்குள் இருந்தால் பொறுக்கலாம். இடையில் இருந்தால், ஏ.சி. வாங்கப்போறீங்களா, மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போறீங்களா என்பதையும் கணக்கில் சேர்த்து முடிவெடுங்க.